ஒத்தியெடுக்கத் தெரிந்த அக்கா

ஆடு மழையில் நனைகிறது, வெயிலில் காய்கிறது, வேலிமுள்ளுக்குள் புகுந்து வெளியே வருகிறது. இத்தனையும் தாங்குகிற தோலை வெந்நீர் என்ன செய்துவிடப் போகிறது என்று நான் நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன், பம்பு மோட்டார் உதிரி பாகங்கள் விற்பவன், தன் வருமான வரிப் படிவத்தைத் தானே நிரப்புகிறவன், இப்படி நம்பினான். தாங்குவது ஆடு, தோல் அல்ல என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அப்பா பீளமேட்டு வீட்டில் படுத்த படுக்கையானபோது ஏஜென்சி மூலம் வந்தவர். வெள்ளகோவில் பக்கம் ஊர். பெயர் எனக்குத் தெரியும், ஏஜென்சி கொடுத்த சீட்டில் இருந்தது. இங்கே எழுதப்போவதில்லை. என்னால் அந்தப் பெயர் ஏற்கெனவே ஓரிடத்தில் தப்பாக ஏறிவிட்டது. அப்பாவுக்கு அவர் ‘அம்மணி’. அம்மாவுக்கு ‘ஏம்மா’. எனக்கு ‘அக்கா’. அவருக்கு நான் ‘தம்பி’, அப்பா ‘ஐயா’.

எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். கஞ்சி ஆறிவிட்டதா, விரிப்பு ஈரமா, அப்பாவின் முதுகு சூடாக இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் புறங்கைதான். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப்போயிருக்கும், அது பொய் சொல்லும் என்பார். ஒருநாள் நெஞ்சு படபடக்கிறது, எனக்கு ஹார்ட் அட்டாக் வந்துவிட்டது என்று சோபாவில் சாய்ந்துகொண்டு, இன்சூரன்ஸ் காகிதங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று வீட்டில் எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“வெயில்ல அலைஞ்சிருக்கீங்க தம்பி. மோர் குடிங்க.”

குடித்தேன். ஹார்ட் அட்டாக் போய்விட்டது.

இன்னொன்று, அவர் எதையும் தேய்க்க மாட்டார். சட்டையில் மருந்து சிந்தினாலும், விரிப்பில் ரசம் கொட்டினாலும், அப்பாவுக்கு முகம் துடைக்கும்போதும் ஒரே முறைதான். துணியை வைத்து அழுத்துவார், எடுப்பார், துணியின் வேறு பக்கத்தைத் திருப்பி மறுபடி அழுத்துவார். “தேச்சீங்கன்னா கறை உள்ள போயிருமுங்க. ஒத்தி எடுக்கோணும். அதுவா மேல வரும்.” நான் எதையும் தேய்த்தே பழகியவன். கடையில் வாடிக்கையாளர் ஒரு குறை சொன்னால் அதற்குப் பதில், பதிலுக்கு விளக்கம், விளக்கத்துக்கு உதாரணம் என்று தேய்த்துத் தேய்த்து, கடைசியில் ஆளையே இழந்துவிடுவேன்.

தோலைக் கொண்டுவந்தது என் தங்கை. மெல்போர்னில் இருக்கிறாள். அப்பாவைப் பார்க்க வந்தபோது பெட்டியில் பாதி இடத்தை அதற்கே கொடுத்திருந்தாள். வெள்ளை வெளேரென்று, விரலைவிட்டால் இரண்டு கணு உள்ளே போகிற அளவுக்கு முடி அடர்ந்த ஆட்டுத்தோல். படுத்தே இருப்பவர்களுக்கு முதுகில் புண் வராமலிருக்க அங்கே ஆஸ்பத்திரிகளில் போடுவார்களாம்.

“சித்திரை மாசத்துல கம்பளியா? அப்பா வெந்துபோயிருவாரு,” என்றேன் நான், அறிவாளியாக.

“சாமியாருக்குப் புலித்தோலு. ரிட்டயர்டு மில்லு மேஸ்திரிக்கு ஆட்டுத்தோலு. தகுதிக்குத் தகுந்த மாதிரி,” என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. செத்த பிராணியின் தோல் பூஜை அறையைத் தாண்டிப் போகக் கூடாது என்று பின்வாசல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகச் சொன்னார். அக்கா ஒருவருக்குத்தான் முகம் மலர்ந்தது. தோலைத் திருப்பி, முடியில்லாத அடிப்பக்கத்தைப் புறங்கையால் தடவினார். ஒரு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்துவிட்டு, அது பழையபடி சுருங்கி வருவதைப் பார்த்தார்.

“நல்லாப் பதம் பண்ணியிருக்காங்க. சூடெல்லாம் ஆவாதுங்க. இந்த முடிக்குள்ளார காத்து ஓடிட்டே இருக்கும். வேர்த்தா முடி குடிச்சுக்கும், முதுவு காஞ்சே இருக்கும். ஐயா திரும்பிப் படுக்கையில தோலு இழுபடாது, முடிதான் சாயும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஈரோட்டுல தோல் பதம் பண்ற ஷாப்புல பன்னெண்டு வருசம் இருந்தனுங்க. வெல்வெட்டாட்டம் இருக்கற ஸ்வேடு தோலு தேய்க்கறது, கையுறைக்குள்ள வெக்கற கம்பளித் தோலு சீவறது. தூசியில இருமல் வந்துதுன்னு இந்த வேலைக்கு வந்துபோட்டேன். ரெண்டும் ஒண்ணுதானுங்க தம்பி. அங்க உசுரில்லாத தோலு, இங்க உசுருள்ள தோலு.”

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அக்காவின் காபி டம்ளர் சமையலறை ஜன்னல் கட்டைக்கு இடம் மாறியது. அக்கா தானே கழுவி அங்கேயே கவிழ்த்து வைத்தார். எனக்கும் கண் இருந்தது. அன்று என் காபியில் சர்க்கரை குறைவு என்று ஒரு புகார் சொன்னேன். அதைத்தான் சொன்னேன்.

அக்கா சொன்னதுதான் நடந்தது, நான் தோற்றேன். அப்பா வேகவில்லை. இடுப்புக்கு மேலே சிவந்து, புண்ணாகப் போகிறது என்று டாக்டர் பயமுறுத்திய இடம் பத்தே நாளில் பழைய நிறத்துக்கு வந்தது. தினமும் காலையில் அக்கா தோலை எடுத்து உதறி, நிழலில் கொஞ்ச நேரம் கொடியில் போட்டு, அகலப் பல் பிரஷால் முடியை ஒரே பக்கமாகச் சீவுவார். அந்த பிரஷ் நாய்க்கு வாங்குவது. நான்தான் வாங்கி வந்தேன். என்ன ஜாதி நாய் என்று கடைக்காரர் கேட்டதற்கு, ரிட்டயர்டு மில் மேஸ்திரி என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது படுத்துக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தார்.

என் ஸ்வேடு ஷூவையும் அவர்தான் காப்பாற்றினார். பெருந்துறையில் ஒரு கல்யாணத்துக்காக வாங்கிய பழுப்பு நிற ஷூ. முதல் பந்தியிலேயே அதன்மேல் நெய் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும் சோப்பையும் தேங்காய் நாரையும் எடுத்து உட்கார்ந்தேன். அக்கா ஓடிவந்து என் கையிலிருந்த ஷூவைப் பிடுங்கினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“ஏனுங் தம்பி, அது என்ன வடச்சட்டியா?”

முகத்துக்குப் போடும் பவுடரைக் கறைமேல் கொட்டி மூடினார். ஒருநாள் முழுக்கத் தொடக் கூடாது என்றார். மறுநாள் பவுடர் நெய்யைக் குடித்து மஞ்சளாகியிருந்தது. தட்டிவிட்டு, பழைய டூத் பிரஷால் ஒரே போக்கில் சீவி, மிச்சமிருந்த திட்டை என் மகளின் பழைய பென்சில் டப்பாவில் கிடந்த அழிரப்பரால் லேசாகத் துடைத்தார். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, வெயில் படாத இடத்தில் வைத்தார். ஷூ புதிதாகிவிட்டது. இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஒரு சனிக்கிழமை அக்கா தன் தங்கை மகள் வயதுக்கு வந்த சீருக்காக ஊருக்குப் போனார். திங்கள் காலையில் வந்துவிடுவேன் என்றார். பெரிய பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று என்னிடம் மூன்று விஷயம் சொன்னார். ஐயாவை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடோணும். தண்ணி கேக்க மாட்டாரு, நாமதான் குடுக்கோணும். “தோல்ல ஏதாச்சும் சிந்திப்போச்சுன்னா பச்சத்தண்ணித் துணியில ஒத்தியெடுத்து நெழல்ல போட்டு வைங்க. மிச்சத்த நான் வந்து பாத்துக்கறனுங்க.”

“சரிங்க அக்கா,” என்றேன். தலையை வேறு ஆட்டினேன்.

ஞாயிறு மதியம் பெருந்துறையிலிருந்து பெரியப்பா குடும்பத்தோடு அப்பாவைப் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருவது சும்மா வருவதல்ல. ஒரு வேன் ஆட்கள், மூன்று சீப்பு பழம், வீட்டைப் பற்றி ஓர் அறிக்கை. வீட்டில் வாடை அடித்தால் அது சாயங்காலத்துக்குள் வெள்ளகோவில் வரை போய்விடும். மனைவி மதுக்கரையில், கண் ஆபரேஷன் செய்த தன் அம்மாவோடு. அம்மா சமையலறையில். நான் அப்பாவுக்குச் சிறுநீர்க் குடுவையை வைத்து எடுத்தேன். எடுத்தேன் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி தோலின்மேல் கொட்டியது.

எனக்குப் பயம் வந்தால் மூளை முதலில் கிளம்பிப் போய்விடும், கை கால்கள் மட்டும் வேலை பார்க்கும். கைகள் தோலை உருவின. கால்கள் வாஷிங் மெஷினுக்கு ஓடின. அதுவரை அந்த மெஷினை நான் தொட்டதில்லை. திருகில் இருபது முதல் தொண்ணூறு வரை எண்கள் இருந்தன. கிருமிகள் நடுங்கட்டும் என்று தொண்ணூறில் வைத்தேன். சோப்புத்தூள் இரண்டு கை. மேலே டெட்டால். பிறகு மொட்டைமாடியில், நல்ல வெயிலில், நாலு மூலையிலும் நாலு செங்கல் வைத்து விரித்துவிட்டு, ஒரு காரியத்தைத் தனியாகச் சாதித்தவனின் நடையில் கீழே இறங்கினேன்.

மறுபடி போய்ப் பார்த்தபோது செங்கற்களுக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை. நாலும் நாலு திசையில் நின்றன. நடுவில், வாசல் மிதியடி அளவுக்கு ஏதோ ஒன்று கிடந்தது. தூக்கினேன். மடங்கவில்லை. தட்டினேன். சத்தம் வந்தது. முடியெல்லாம் சடைபிடித்து உருண்டிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நின்று பார்த்தேன். கீழே பெரியப்பாவின் வேன் ஹாரன் கேட்டது. தோலைச் சட்டைக்குள் செருக முயன்று, அது முடியாமல், பின்படி வழியாக இறங்கி, கார் டிக்கியில் பம்பு அட்டைப்பெட்டிக்குப் பின்னால் போட்டு மூடினேன். ஆன்லைனில் இன்னொன்று வாங்கி யாருக்கும் தெரியாமல் விரித்துவிடலாம் என்பது திட்டம். வந்து சேர ஒன்பது நாள் என்று போன் சொன்னது.

சாயங்காலம் மெல்போர்னிலிருந்து தங்கை வீடியோவில் வந்தாள்.

“அண்ணா, அப்பாவுக்கு அடியில தோலக் காணமே?”

அம்மா திரும்பிப் பார்த்தார். “அட, ஆமா. எங்கடா அது?”

“தெரியலையே,” என்றேன். வாய் தானாகச் சொன்னது. மூளை அப்போதும் வந்து சேரவில்லை.

“அவன்தான் தொவைக்க எடுத்துட்டுப் போனான்,” என்றார் அப்பா.

அப்பாவுக்கு அந்த நாட்களில் நினைவு வந்து வந்து போகும். அன்று காலையில்தான் மில் சங்கு ஊதிவிட்டதா, சட்டையைக் கொண்டா என்று கேட்டிருந்தார். “இவருக்கு எல்லாம் கனவு,” என்றார் அம்மா. அப்பா என்னைப் பார்த்தார். நான் அவர் கையைத் தடவிக்கொடுத்தேன், பாவம் ஏதோ உளறுகிறார் என்பதுபோல. இதுவரை என் கைகள் செய்த காரியங்களில் அதைப்போல் ஒன்று இல்லை.

அம்மாவுக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. சனிக்கிழமை தோல் இருந்தது. சனிக்கிழமை பெரிய பை வெளியே போனது. தோலின் அருமை தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான்.

திங்கள் காலையில் அக்கா உள்ளே வந்ததும் அம்மா என்னிடம் தெலுங்கில் பேசினார். எங்கள் வீட்டில் தமிழ் ஊருக்கு, தெலுங்கு ரகசியத்துக்கு. வேலைக்கு வருகிறவர்களுக்கு அது புரியாது என்பது எங்கள் முன்னோர் காலத்து நம்பிக்கை. அவள்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், பையைத் திறந்து காட்டச் சொல், தோல் ஷாப்பில் இருந்தவளுக்கு விற்கவா தெரியாது, என்றார் அம்மா. என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்டார்.

நான் ஒரே சொல்லில் பதில் சொன்னேன். தமிழில் அதை ‘இருக்கும்’ என்று சொல்லலாம்.

யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். “வெயிலுங்க, பலகாரம் கெட்டுப்போயிரும். எடுத்து வெச்சர்றேன்.” இரண்டு சேலை, சீப்பு, மாத்திரை அட்டை, சீர் வீட்டு முறுக்குப் பொட்டலம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். கேட்க வேண்டிய சங்கடம் தீர்ந்தது பாருங்கள்.

பிறகு அவர் அப்பாவின் அறைக்குப் போனார். “தோலு எங்கீங்க?”

“அதத்தான் நாங்களும் கேக்கறோம்,” என்றார் அம்மா.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் புறங்கையை வைத்தார். பழைய இடம் மறுபடி சிவக்கத் தொடங்கியிருந்தது.

புதன்கிழமை ஏஜென்சி மேலாளர் என்னை அழைத்தார். அம்மா ஏற்கெனவே பேசியிருந்தார்.

“சார், பொருள் ஒண்ணு காணோம்னு அம்மா சொல்றாங்க. நெஜங்களா?”

“காணோமுங்க.”

“அவங்க மேல சந்தேகமுங்களா?”

“நான் யாரையும் சொல்லலீங்க.”

அந்தப் பதிலில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. ஒரு பொய்கூட இல்லையே. மேலாளர் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை அக்காவைச் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் விட நானே முன்வந்தேன். ஏ.சி. காரில் கொண்டுபோய் விட்டால் கொஞ்சம் பாவம் கழியும் என்று ஒரு எண்ணம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, மரியாதையாக, டிக்கியைத் திறக்கும் விசையை இழுத்தேன். “பைய பின்னால வெச்சிருங்க அக்கா.”

கண்ணாடியில் டிக்கியின் மூடி உயர்வது தெரிந்தது. அது அப்படியே நின்றது. கேட்டருகில் அம்மா நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான், நாலு நாள் கழித்து, என் மூளை திரும்பி வந்து சேர்ந்தது. அக்கா ஒரு குரல் கொடுத்தால் போதும். அம்மா வருவார், பார்ப்பார், எல்லாம் முடிந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மூடி சத்தமில்லாமல் இறங்கியது. அக்கா வந்து உட்கார்ந்தார். “போலாமுங்க தம்பி. வாரேனுங்கம்மா,” என்று அம்மாவிடமும் சொன்னார்.

ஹோப் காலேஜ் சிக்னலில் கார் நின்றபோது அக்கா கேட்டார்.

“சுடுதண்ணிங்களா?”

“ஆமாங்க.”

“வெயில்லயும் போட்டுட்டீங்க.”

“ஆமாங்க.”

“ஈரமா இருக்கறப்பவே நாலாப்பக்கமும் இழுத்து விட்டிருந்தா கொஞ்சமாச்சும் நின்னிருக்கும். இனி ஆவாதுங்க. ஐயாவுக்கு அத அடியில போட்டுறாதீங்க, அட்டையாட்டம் குத்தும். கெடைச்சா புதுசு வாங்கிப் போடுங்க.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் நான் கேட்டது வேறு. “அம்மா முன்னாடியே ஏன் சொல்லலீங்க?”

“பெத்தவங்க முன்னால உங்களுக்குச் சங்கடமுங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அம்மா தெலுங்குல பேசறது எனக்குத் தெரியுமுங்க. சின்னதுல தெலுங்குக்காரவங்க தோட்டத்துலதான் பருத்தி எடுத்தோம். நீங்க சொன்னதும் கேட்டுச்சு.”

பேருந்து நிலையத்தில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டபின் ஜன்னலருகே குனிந்தார். “தம்பி, ஒண்ணே ஒண்ணு. ஏஜென்சிக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க. அங்க பேரு ஏறிப்போச்சுன்னா வேற ஊட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க. அம்மாகிட்ட உங்களுக்குத் தோதுப்பட்டப்போ சொல்லிக்குங்க. ஐயாவ ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுங்க.”

“இன்னைக்கே பேசிடறேங்க அக்கா.”

அவர் வெள்ளகோவில் வழியாகப் போகும் கரூர் பேருந்தில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “போயிட்டாளா?” என்றார். “போயிட்டாங்க,” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அன்று ஏஜென்சி எண்ணை எடுத்தேன். மேலாளர் வேலையாக இருப்பார் என்று வைத்துவிட்டேன். மறுநாள் வெள்ளி, அதற்கடுத்து அவர்களுக்கு விடுமுறை. வாரம் கழிந்தபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற புதுப் பயம் சேர்ந்துகொண்டது. ஒன்பதாம் நாள் வந்த தோல் செயற்கை. அப்பாவின் முதுகு அதில் வேர்த்தது. புண் வந்தது. ஆடியில் அப்பா போனார்.

அக்காவுக்குப் பதிலாக வந்த பெண்ணிடம், காரியமெல்லாம் முடிந்து அவள் கிளம்பும்போது, சும்மா கேட்பதுபோல் கேட்டேன். “அவங்களா சார்? பொருள் எடுத்தாங்கன்னு லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. இப்ப எங்கயும் போறதில்ல,” என்றாள்.

அவர் எதையும் எடுக்கவில்லை. நான் போன் செய்யவில்லை.